ஊதினாலும் ஊதாவிட்டாலும்

கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் 'மீடியம்'. "மீடியம் வந்தாச்சா?", "மீடியத்த சாம்பிள் ரூமுக்கு அனுப்பு" என்று நாள் முழுவதும் இதே பாட்டுதான். பெண்கள் போடும் பேன்ட் தைக்கிற கம்பெனி எங்களுடையது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் போகும். நடுத்தரத்துக்கு நான்தான் அளவு. முதலில் என் இடுப்பில் மாட்டிப் பார்ப்பார்கள். அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் மற்ற இரண்டையும் கூட்டிக் குறைத்து வெட்டுவார்கள்.

அதற்குப் பொம்மை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஒரு மூலையில், தலையும் கையும் இல்லாமல். ஆனால் பொம்மை குனியாது, உட்காராது, "மாஸ்டர், இங்க பிடிக்குது" என்று வாயைத் திறக்காது. அதற்கு உயிரோடு ஒருத்தி வேண்டும். நான் முன்பு தையல் லைனில் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். காலையில் நின்றால் சாயங்காலம்தான் முட்டி மடங்கும். ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த முதலாளி மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். சரக்கு வாங்கும் பையர் கேட்ட அளவு அச்சு அசலாக என் உடம்பில் இருந்ததாம். அன்றிலிருந்து எனக்கு சாம்பிள் ரூமில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, கொஞ்சம் மரியாதை. இந்த மூன்றையும் விட்டுவிட்டுத் திரும்ப லைனுக்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

அந்த அளவு எனக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காலையில் பசித்தால் ஒரு சிகரெட், மதியம் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து ஒரு சிகரெட், சாயங்காலம் வயிறு கூப்பிட்டால் இன்னொன்று. பின்பக்க மாடிப்படியில் எனக்கும் காஜா அக்காவுக்கும் ஒரு படி உண்டு. பட்டன் நுழைகிற துளை போடும் மெஷினில் இருப்பதால் அவள் காஜா அக்கா. என்னைவிட வயதில் மூத்தவள், ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். "வாடி, ஊதிட்டு வந்துடலாம்" என்பாள். போய் ஊதிவிட்டு, ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகளாக வந்து உட்கார்ந்துகொள்வோம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இருமல் வரும்வரை. சாம்பிள் ரூமில் என் வேலையே அசையாமல் நிற்பதுதான். துணி வெட்டும் மாஸ்டர் வாயில் ஒரு வரிசைக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு என் இடுப்பில் துணியைப் பிடித்துக் குத்துவார். அந்த நேரத்தில் இருமினால் ஊசி எங்கே போகும்? என் தோலுக்குத்தான். மாஸ்டர் நல்ல மனிதர், இருமியது நானே என்றாலும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பார். "பாத்து நில்லும்மா. ஒரு நாள் டாக்டர்கிட்ட போய்க் காட்டும்மா" என்று கெஞ்சினார்.

போனேன். டாக்டர் ஒரு குழாயை என் கையில் கொடுத்து, "நல்லா மூச்ச இழுத்து, முழுசா ஊதுங்க" என்றார். ஊதினேன். குழாயின் மறுமுனையிலிருந்த முள் சோம்பல் முறித்ததோடு சரி.

"இன்னும் ஊதுங்க."

"இவ்வளவுதான் டாக்டர் வருது."

"தினம் எத்தனை ஊதறீங்க?" என்றார் முகத்தைப் பார்க்காமலே. இத்தனை வருஷம் ஊதியவளுக்கு ஒரு குழாயை ஊதத் தெரியவில்லையே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போதே விட்டால் நுரையீரல் பிழைத்துக்கொள்ளும், விடாவிட்டால் படியேறுவதே பெரும்பாடாகிவிடும் என்றார். "விட்டா குண்டாயிடுவேனே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கொஞ்சம் கூடும். எல்லாருக்கும் கூடும்னு இல்ல. கூடினாலும்தான் என்ன? உசுரவிட இடுப்பா பெருசு?"

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு எவ்வளவு பெருத்தாலும் டாக்டர்தான். நான் அரை அங்குலம் பெருத்தால் மீடியம் இல்லை.

காஜா அக்காவிடம் சொன்னபோது அவள் படியிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள். "விடாதடி பைத்தியக்காரி. ஊதறத விட்டா ஊதிடுவே."

"அப்ப ஊதி ஊதியே போய்ச் சேரவா?"

"நான் என்ன போயா சேந்துட்டேன்? கொஞ்சம் கொறச்சுக்க. நானும் அடுத்த மாசம் விடத்தான் போறேன்." அக்காவுக்கு எல்லா மாசமும் அடுத்த மாசம்தான்.

என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நான் விடுகிறேன் என்றதும், "நானும் விட்டுடறேன், ஒண்ணா விட்டா ஈஸி" என்றார். சொன்னபடி விட்டார். அதைப் பாராட்ட வேண்டும்தான். ஆனால் ஒன்றாக விட்டோமே தவிர, ஒன்றும் ஒன்றாக நடக்கவில்லை. அவருக்கு என்னைவிடப் பெரிய தொப்பை போட்டது. அவர் ஆபீசில், "இப்பதான் சார் முகத்துல களையே வந்திருக்கு" என்றார்களாம். பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி கிளம்பினார். எனக்கு முகத்தில் களை வந்ததாக ஒரு ஜீவன் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன, விசேஷமா?" என்றார். இந்த வயசில் என்ன விசேஷம் வேண்டிக் கிடக்கிறது? பஸ்ஸில் ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். லைனில் பிசிறு வெட்டும் பெண்கள் நான் போன பிறகு குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"நானும்தான் போட்டுட்டேன். விடு" என்று அவர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

"உங்க இடுப்புக்கு ஊர்ல யாரும் பேன்ட் வெட்டலையே!" என்று கத்திவிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். சிகரெட்டை விட்டதிலிருந்து யார் நல்லது சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பசி என்றால் எப்படிப்பட்ட பசி! இத்தனை வருஷம் வாசலில் நிற்க வைத்திருந்த பசியெல்லாம் ஒரேயடியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளரிக்காயை வெட்டி டப்பாவில் போட்டு எடுத்துப்போனேன். பஸ் வருவதற்குள் டப்பா காலி. பிஸ்கட் பாக்கெட்டை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்தவளுக்குத்தானே இடம் தெரியும். காலையில் நடந்தேன். நடந்துவிட்டு வந்தால் பசி இரண்டு மடங்காக இருந்தது. ஒரே ஒரு நல்லது நடந்தது: இருமல் குறைந்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் மூச்சுக்கு யார் டேப் வைத்துப் பார்க்கிறார்கள்?

டேப் வைத்துப் பார்த்த மாஸ்டருக்கோ ஒரே குழப்பம். என் இடுப்பைச் சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றினார். "டேப் சுருங்கிடுச்சும்மா" என்றார். "இஸ்திரி மேசை மேல வச்சேன், சூட்டுல சுருங்கியிருக்கும்" என்று அவரே முடிவுசெய்து, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டேப் வாங்கி வந்தார். புது டேப்பும் அதையேதான் சொன்னது. "இப்பல்லாம் எல்லாம் மட்டமான சரக்கு" என்று அதையும் திட்டினார். என் உடம்பு மாறும் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. அவருக்கு நான் அடிக்கோல் மாதிரி; அடிக்கோல் வளர்ந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? பேன்ட் என் மேல் இறுக்கியபோது, வெட்டில்தான் தப்பு என்று இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் தளர்த்திவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். நாற்காலியையும் மின்விசிறியையும் நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றேன்.

அந்த சாம்பிள் பையரிடம் போனது. கேட்டதைவிட இடுப்பு பெரிதாக இருக்கிறது என்று அவர் போனில் மேடத்தைக் காய்ச்சி எடுத்துவிட்டார். மேடம் சாம்பிள் ரூமுக்கு வந்தபோது அவர் செருப்புச் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"மாஸ்டர், இத்தனை வருஷ அனுபவம்னு சொல்லிக்கறீங்களே, ஒரு இடுப்பு அளக்கத் தெரியாதா?"

"டேப்தான் மேடம், சுருங்கிப்போச்சு..."

"டேப் சுருங்குமா? என்னைய என்னன்னு நினைச்சீங்க? கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காருங்க!"

மாஸ்டர் கையில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றார். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்கக்கூட மறந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டேப் சுருங்கல மேடம். நான்தான் ஊதிட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். கண் நேராக வயிற்றுக்குப் போனது. "விசேஷமா?"

"ஒரு விசேஷமும் இல்ல மேடம். சிகரெட்ட விட்டுட்டேன்."

நான் சிகரெட் பிடித்தேன் என்பதற்கு முதலில் திட்டு விழும் என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி, ரொம்ப நிதானமாகப் பேசினார். "இங்க பாரு. நீ ஊதறதப் பத்தி எனக்குக் கவலையில்ல. நீ ஊதிப்போறதுதான் என் கவலை. அடுத்த செட் சாம்பிளுக்கு முன்னாடி எப்படி இருந்தியோ அப்படி ஆயிடு. இல்லன்னா எனக்கு வேற மீடியம் கிடைக்கும்."

மாஸ்டர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் சுட்டது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் காஜா அக்கா என் உள்ளங்கையில் ஒரு சிகரெட்டை வைத்து விரலை மூடினாள். "காலையில வெறும் வயித்துல ஒண்ணு. பசியே எடுக்காது. மேடம் கேட்ட இடுப்பு தானா வந்துடும். அப்புறமா மெல்ல விட்டுக்கலாம்." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கைப்பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொண்டேன். பற்றவைப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவுசெய்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் எழுந்தால் கை அந்தப் பைக்குப் போகும். பிறகு அந்தக் குழாயின் முள் ஞாபகம் வரும். பையை மூடிவிட்டு, கோபத்தில் இரண்டு துண்டு ரொட்டி அதிகம் தின்பேன்.

இதற்கிடையில் என் பேன்ட் எதுவும் எனக்குப் பூட்டவில்லை. ஊக்கு போட்டு, மேலே நீளமாக ஒரு சட்டை போட்டு மறைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். ரேக்கில் எங்கள் கம்பெனி பேன்ட் தொங்கிக்கொண்டிருந்தது, போன வருஷம் என் மேல் வைத்து வெட்டியது. உள்பக்கம் காஜா அக்காவின் துளை, மாஸ்டரின் மடிப்பு. பார்த்ததும் எனக்கு ஒரு வீம்பு. என்மேல் வெட்டிய பேன்ட் எனக்கே போகாதா? மீடியத்தை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனேன்.

தொடைவரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. குதித்தேன். வயிற்றை எக்கினேன். பட்டன் காஜாவைப் பார்த்தபடி தள்ளியே நின்றது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அதே சத்தம் கேட்டது. தொப்பென்று ஒரு குதி, உஸ்ஸென்று ஒரு மூச்சு. பிறகு ஒரு பெண் குரல், யாரிடமோ போனில்: "ஏறமாட்டேங்குதுடி. நான் எப்பவும் மீடியம்தான். இல்ல, பேன்ட்டுல ஒண்ணும் குறையில்ல. நான்தான் ஊதிட்டேன். நாளையிலேருந்து ராத்திரிச் சாப்பாட்ட விட்டுடப் போறேன்."

நான் பாதி ஏறிய பேன்ட்டோடு அப்படியே நின்றேன். அவள் பேன்ட்டில் குறையில்லை என்கிறாள். அந்த இடுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும்! காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து நான் புகைத்துப் புகைத்துச் செய்த இடுப்பு அது. அதை மாஸ்டர் துணியில் வெட்ட, லைனில் தைக்க, லாரி லாரியாகக் கடைக்கு அனுப்பிவிட்டோம். நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற பெண்கள் அதற்குள் நுழைய முடியாமல் தங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறைப்புப் பலகையைத் தட்டினேன். "நீங்க ஊதலங்க."

"யாருங்க?"

"நீங்க ஊதல. நான்தான் ஊதினேன்."

பைத்தியம் என்று நினைத்திருப்பாள். என் பழைய பேன்ட்டை மாட்டி ஊக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவளும் கதவைத் திறந்தாள். கையில் அதே பேன்ட், கண் கலங்கியிருந்தது. பார்க்க ஒரு குறையும் இல்லாத பெண்.

"இது என் உடம்புல வச்சு வெட்டினதுங்க. அந்தக் கம்பெனியிலதான் நான் வேலை பாக்கறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க உடம்புலயா? உங்களுக்கே போகாது போலிருக்கே?"

"போகாது. அப்ப சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பதிலா அதுதான். இப்ப விட்டுட்டேன்."

அவள் பேன்ட்டைத் தூக்கி ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். "அப்படின்னா இது எனக்கு எதுக்குங்க ஏறணும்?" என்றாள். இரண்டு பேரும் ரேக்குக்குப் போய்ப் பெரிய அளவில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த செட் சாம்பிள் வந்த அன்று மேடமே ரூமுக்கு வந்து நின்றார். நான் ஸ்டூல் மேல் ஏறினேன். மாஸ்டர் டேப்பைச் சுற்றி, வழக்கம்போல் "மூச்ச விடும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் நான் அங்கே முழுசாக மூச்சு விட்டதே இல்லை. விட்டால் இருமல் வரும், இடுப்பும் கூடும். அன்று விட்டேன். அடிவயிறுவரை விட்டேன். இருமல் வரவில்லை. மாஸ்டர் அளவைப் பார்த்துவிட்டு டேப்பை மேடம் பக்கம் காட்டினார்.

"கொஞ்சம் இழுத்துப் பிடி" என்றார் மேடம்.

"இழுத்துப் பிடிச்சா இது யாருக்கு மேடம் ஏறும்? கடையில எனக்கே ஏறல. பக்கத்துல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டிருந்தா. நாம வெட்டினது மனுஷி இடுப்பு இல்ல மேடம், சிகரெட் இடுப்பு."

"யாருக்கு ஏறணும்னு பையர் பாத்துக்குவார். நான் அவர் கேட்ட அளவக் குடுக்கறவ. எறங்கு" என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். வாசல் பக்கம் திரும்பி, "காஜாவக் கூப்பிடு" என்றார்.

காஜா அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். எதற்கென்று தெரியாமலே ஸ்டூலில் ஏறினாள். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுற்றினார். சுற்றிவிட்டு, செத்த குரலில், "அச்சு அசலா இருக்கு மேடம்" என்றார்.

"சரி. இனிமே நீ இங்க. நீ காஜா மெஷினுக்குப் போ" என்று ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேக்கலடி. சத்தியமா நான் கேக்கல."

"தெரியும்க்கா."

"அடுத்த மாசம் நானும் விட்டுடலாம்னுதான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நாற்காலியைப் பார்த்தாள், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். ஸ்டூலில் நின்றபோது அடக்கி வைத்திருந்த இருமல் அப்போதுதான் வெளியே வந்தது.

கைப்பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தேன். அவள் கொடுத்த சிகரெட் நசுங்கி வளைந்து கிடந்தது. இரண்டு விரலால் நிமிர்த்தி அவளிடம் நீட்டினேன்.

"வச்சுக்கக்கா. இனிமே இது உன் வேலைக்கு வேணும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாங்கிக்கொண்டாள்.